அறுத்துப் பார்க்கிற டீச்சர்

அந்த டீச்சரை முதன்முதலாகப் பார்த்த காலையில், அவர் என் சட்டைப் பொத்தானைப் பிய்த்து எடுத்துவிட்டார்.

ஏற்காட்டில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தற்காலிக அறிவியல் ஆசிரியர் வேலை கிடைத்திருந்தது. எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான்தான். அம்மாவும் அப்பாவும் செம்மநத்தம் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் வேலை பார்த்தார்கள். நான் வேலைக்குச் சேருவதற்காகவே அம்மா சேலத்துக்கு இறங்கித் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்த சட்டை அது. அதன் மடிப்புக் கலையாமல் ஆசிரியர் அறை வாசலில் நின்றிருந்தேன். வெளியே மூடுபனி, பள்ளிக்கூடத்து மணியின் சத்தத்தைக்கூட ஈரமாக்கிக் கொண்டிருந்தது.

உயரமாக, ஒல்லியாக, நாற்பதை நெருங்கிய ஒரு பெண் எதிரே வந்தார். இழுத்துக் கட்டிய கொண்டை. புடவைத் தலைப்பில் வரிசையாக ஊசிகள்.

"சார் புதுசுங்களா?" என்று கேட்டுக்கொண்டே இரண்டாவது பொத்தானைப் பிடித்து ஒரு இழு. பொத்தான் அவர் கையோடு போயிற்று.

"இதப் பாருங்க. முடிச்சே போடல. ஹெட்மிஸ்ட்ரஸ் முன்னாடி விழுந்திருந்தா?"

"நீங்க இழுக்கலைன்னா விழுந்திருக்காதுங்க."

"இன்னைக்கு விழுந்திருக்காது," என்றார்.

நின்ற இடத்திலேயே அதைத் தைத்துவிட்டார். தைத்து முடித்து, பல்லால் நூலைக் கடித்து, "இப்ப நீங்க இழுங்க" என்றார். இழுத்தேன். "பலமா." துணி பிய்ந்துவிடும் போலிருந்தது. பொத்தான் வரவில்லை. "சரி, உள்ள போங்க." அந்தச் சட்டை பின்னால் கரித்துணியாகி, பிறகு அதுவும் இல்லாமல் போயிற்று. பொத்தானை மட்டும் வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன்.

எல்லோருக்கும் அவர் தையல் டீச்சர். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நானும் இங்கே எழுதவில்லை.

எதையும் அறுத்துப் பார்க்காமல் நம்பமாட்டார். கடைவீதியில் நூல், கயிறு, நாடா, எலாஸ்டிக் எது வாங்கினாலும் முதலில் ஒரு முழம் உருவி, இரண்டு முஷ்டியிலும் சுற்றி, கண்ணை மூடிக்கொண்டு இழுப்பார். அது எப்போது அறுகிறது என்பதைவிட எப்படி அறுகிறது என்பதுதான் அவருக்கு முக்கியம். அறுந்த நுனியைக் கீழுதட்டில் மெல்லத் தேய்த்துப் பார்ப்பார். பருத்தி பஞ்சாக விரிந்து சாகும். நைலான் சுருண்டுகொண்டு கோபமாகப் போகும். அறுத்ததையும் சேர்த்துத்தான் வாங்குவார் என்பதால் யாரும் தடுப்பதில்லை. ஆனால் கடைக்காரர் சும்மா இருக்கமாட்டார்.

"தம்பி, டீச்சர் வர்றாங்க. அந்தத் தராசுக் கயித்தை அவுத்து உள்ள வை."

"நல்ல கயிறா இருந்தா எதுக்குங்க உள்ள வெக்கணும்?" என்பார் டீச்சர்.

கல்யாணம் ஆகாததற்கும் இதுதான் காரணம் என்று பள்ளிக்கூடத்து ஆயா சொல்வாள். நாமக்கல் பக்கமிருந்து ஒருவர் பெண் பார்க்க வந்தாராம். டீச்சர் வேண்டுமென்றே சர்க்கரை போடாத காப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தாராம். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "காப்பி நொம்ப நல்லா இருக்குதுங்க" என்றாராம். அவ்வளவுதான். உள்ளே போன டீச்சர், "இவரு வேண்டாம், பொய் சொல்றாரு" என்று சொல்லிவிட்டு வேறு புடவை மாற்றிக்கொண்டாராம்.

"மரியாதைக்குச் சொன்னதுங்க அது," என்று நான் ஒருநாள் டீச்சரிடமே சொன்னேன்.

"தெரியும் சார். மரியாதைக்கு எவ்வளவு நாள் குடிப்பாரு?"

இப்படிப்பட்டவர் ஏரியின் அடியில் இருக்கிற ஒரு மீனை நம்பினார் என்பதுதான் எனக்கு இன்றும் விளங்காதது. யாரோ எப்போதோ மேட்டூரிலிருந்து குஞ்சாகக் கொண்டுவந்து விட்ட வாளை ஒன்று ஏற்காட்டு ஏரியில் ஆளுயரம் வளர்ந்து கிடக்கிறது என்று கடைவீதியில் ஒரு பேச்சு. பார்த்தவர் எவரும் இல்லை. வெயில் காலத்தில் மேல்தண்ணீர் சுடச்சுட அது அடிக்குளிருக்குப் போய்விடும் என்பார்கள். கரையில் உட்கார்ந்து தூண்டில் போட்டால் அந்த ஆழத்துக்கு எட்டாது. படகை மெல்ல நகர்த்திக்கொண்டே, நீளமான தூண்டில் நரம்பைப் பின்னால் விட்டு, அடியோடு அடியாக இரையை இழுத்துக்கொண்டு போகவேண்டும்.

"மேல இருக்கறத எல்லாரும் பாத்துக்கலாமுங்க சார். அடியில இருக்கறது இழுத்தாத்தான் தெரியும்," என்றார்.

படகுத் துறைக் காவல்காரரின் மகள் டீச்சரிடம் தையல் படித்தவள். சுற்றுலாக்காரர்கள் எழுவதற்கு முன் அவர் ஒரு துடுப்புப் படகை அவிழ்த்துக் கொடுப்பார். டீச்சருக்குத் துடுப்புப் போட ஆள் வேண்டியிருந்தது. எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள் காலியாக இருந்தன. நான் போனேன்.

நரம்பைச் சுற்றி வைக்க ரீல் தேடியதே ஒரு கதை. முதலில் சேலத்திலிருந்து வந்தது உள்ளங்கை அகல ரீல். வீசி எறிவதற்கு நன்றாக இருந்தது. ஆனால் நீளமான நரம்பு அதில் கொள்ளவில்லை. விட்டுச் சுற்றுகிறபோதெல்லாம் நரம்பு முறுக்கேறிக்கொண்டது. "இது எம்ப்ராய்டரிக்கு ஆகும். போர்வை தைக்க ஆகாது," என்று ஒதுக்கிவிட்டார். பிறகு ஓர் எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தவர்கள், திரைச்சீலை தைத்ததற்குக் கூலியாக ஒரு பெரிய ரீலைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நெய்ச் சொம்பின் பருமன், பித்தளை ஓரம், பக்கத்தில் நட்சத்திரம்போல ஒரு திருகு. அந்தத் திருகை இறுக்கினால் நரம்பு முரண்டுபிடிக்கும். தளர்த்தினால் ஓடும். ஓடும்போது உள்ளே ஒரு பல் கிர்ரென்று சத்தம் போடும்.

டீச்சருக்கு அது புதிதாகவே தெரியவில்லை. "பாபின் கேஸ் மாதிரித்தானுங்க," என்றார். தையல் மிஷினில் அடிநூல் சுற்றிய பாபினைச் சரிபார்க்க, நூலைப் பிடித்து அதைத் தொங்கவிட்டு ஒரு சுண்டு சுண்டுவார்கள். கொஞ்சம் இறங்கி நிற்கவேண்டும். நிற்காமல் இறங்கினால் தளர்வு, இறங்கவே இல்லையென்றால் இறுக்கம். டீச்சர் பள்ளிக்கூட மாடியிலிருந்து அந்த ரீலின் நரம்பில் இஸ்திரிப் பெட்டியைக் கட்டித் தொங்கவிட்டுச் சுண்டினார். பெட்டி கொஞ்சம் இறங்கி, யோசித்து, நின்றது. கீழே நின்ற பிள்ளைகள் கை தட்டினார்கள்.

ரீல் அமைந்துவிட்டது. நரம்புதான் அமையவில்லை. பருத்தி முறுக்குநூல் தண்ணீர் குடித்து உப்பிக்கொண்டது. தடித்த நைலான் பலமாக இருந்தது, ஆனால் இறங்கமாட்டேன் என்றது. தடிமன் கூடக்கூடத் தண்ணீர் அதை மேலே தூக்கும் என்று நான் சொன்னேன். மூங்கில் ஒன்றில் அளவுக்குறி வைத்து, எந்த நரம்பு எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துவிட்டு, "நீங்க சொன்னது சரிங்க சார்" என்றார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மெல்லிய நைலான் ஆழம் போயிற்று, ஆனால் அவர் முஷ்டியில் நிற்கவில்லை. மோட்டார் கட்டுகிற கடையிலிருந்து வந்த செம்புக் கம்பி தன் கனத்திலேயே அழகாக இறங்கியது. ஒரே ஓரிடத்தில் மடங்கியது, அந்த மடிப்பில் முறிந்தது.

இத்தனையையும் சேலத்திலிருந்து வாங்கிவந்தவர் கண்டக்டர்.

மலைமேல் பாதி வீடுகளின் தேவைகள் அவருடைய பஸ்ஸில்தான் ஏறி வந்தன. இருமல் மருந்து, சைக்கிள் டியூப், பிள்ளைக்கு ஸ்லேட்டு. எதையும் எழுதி வைத்துக்கொள்ளமாட்டார், எதையும் மறக்கவும் மாட்டார். நடுவகிடு எடுத்துப் படிய வாரிய நரைத்தலை. தங்கைகளை ஒவ்வொருவராகக் கட்டிக் கொடுத்து நிமிர்வதற்குள் தலை நரைத்துவிட்டது என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். ஒருநாள் மலைப்பாதை வளைவில், பஸ் உறுமிக்கொண்டு ஏறும்போது, டீச்சரின் கையில் டிக்கெட்டைக் கொடுத்தபடியே, "நாம கல்யாணம் பண்ணிக்கலாமுங்களா" என்று கேட்டுவிட்டாராம்.

"டிக்கெட்டோட சேத்துக் கேட்டுட்டாருங்க," என்று டீச்சர் படகில் சொன்னார். முகத்தை ஏரிப்பக்கம் வைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க என்னங்க சொன்னீங்க?"

"பாக்கலாம்னேன்."

அந்தப் 'பாக்கலாம்' ஒரு மழைக்காலத்தைத் தாண்டிவிட்டது. கண்டக்டர் நரம்பு கொண்டு வருவார். டீச்சர் பஸ் ஸ்டாண்டிலேயே நின்று, அவர் கண்ணெதிரே முஷ்டியில் சுற்றி இழுப்பார். அறுந்துபோகும். "சரிங்க டீச்சர், வேற பாக்கறேன்" என்பார் அவர்.

"எதுக்குங்க அவரை இப்புடி அலைய விடறீங்க?"

"அலையலையே. பஸ்ஸுலதான வர்றாரு."

சிரித்தேன். ஆனால் எப்போதும் சிரிக்க முடிந்ததில்லை. செம்புக் கம்பி முறிந்த மறுநாள், நெரிசலாக நின்ற பஸ்ஸில் எல்லோர் முன்னாலும் டீச்சர் சொன்னார்: "நீங்க கொண்டாந்து குடுக்கறது எதுவும் நிக்கறதில்லீங்க கண்டக்டர்." பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் ஒரு நொடி பஸ்ஸின் மேல்கம்பியைப் பிடித்து நின்றார். பிறகு அடுத்த ஆளிடம், "உங்களுக்கு எங்கீங்க?" என்று கேட்டு டிக்கெட் கிழித்தார்.

இறங்கி நடக்கையில் டீச்சர், "கோவப்படல, பாத்தீங்களா?" என்றார்.

"கோவப்படலைன்னா வலிக்கலைன்னு அர்த்தமில்லீங்க டீச்சர்."

அவர் புடவைத் தலைப்பிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டே நடந்தார்.

அதற்கடுத்த ஞாயிறு. மூடுபனி ஏரிமேல் படுத்திருந்தது. துடுப்பு தண்ணீரைத் தொடுவது தெரிகிறது, தண்ணீர் தெரியவில்லை. எங்கே மிதக்கிறோம், தண்ணீரிலா பனியிலா என்று சொல்ல முடியாத காலை. நரம்பு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிவதற்காக டீச்சர் அதில் இடைவெளி விட்டு விட்டு எம்ப்ராய்டரி நூலைச் சுற்றி வைத்திருந்தார். முதலில் பச்சை, அப்புறம் நீலம், கடைசியில் சிவப்பு. கைப்பிடி அறுத்த தேக்கரண்டி ஒன்றுதான் இரை. அது அடியில் புரண்டு புரண்டு மினுங்கிக்கொண்டு வரும் என்று நினைத்துக்கொள்வேன். மேலே எங்களுக்கே வெளிச்சம் இல்லாதபோது கீழே அதற்கு ஏது மினுமினுப்பு என்றும் தோன்றும்.

"பச்சை போயிருச்சு," என்றார். பிறகு, அதே குரலில், "உங்கப்பா எஸ்டேட்டுல என்னங்க வேலை?" என்றார்.

"நிழல் மரம் கழிக்கறதுங்க."

காப்பிச் செடிக்கு மேலே குடைபிடிக்கிற சில்வர் ஓக் மரங்களில் ஏறிக் கிளை வெட்டுகிற வேலை. ஏறுவதற்கு முன் ஒரு வழக்கம் உண்டு. இடுப்புக் கயிற்றைத் தாழ்ந்த கிளையில் கட்டி, இரண்டு ஆட்கள் சேர்ந்து தொங்கிப் பார்ப்பார்கள். அப்பா தொங்குவதைச் சின்ன வயதில் ஊஞ்சல் ஆடுகிறார் என்று நினைத்திருக்கிறேன்.

"எங்கப்பாவுக்கும் அதே வேலைதான். அவரு ஏறுன அன்னிக்கு யாரும் தொங்கிப் பாக்கல. கயிறு அன்னிக்குத்தான் கடையில இருந்து வந்துது. 'புதுசுதானே'ன்னு சொல்லிட்டு ஏறிட்டாரு."

நான் துடுப்பை நிறுத்திவிட்டேன்.

"நிறுத்தாதீங்க சார். கரண்டி அடியில தட்டிரும்," என்றார். கொஞ்சம் கழித்து, "நீலம் போயிருச்சு."

சேர்வராயன் கோயில் திருவிழாக் கூட்டம் முடிந்து, பஸ்கள் காலியாக ஓடத் தொடங்கிய ஒரு சாயங்காலம், கண்டக்டர் என்னை டீக்கடைக்குக் கூப்பிட்டார்.

"சார், என்னை ராசிபுரம் ரூட்டுல போட்டுட்டாங்க. நாளைக்குக் காலையில முதல் டிரிப்பு எறக்கறதோட சரி. இனி மலை ஏறமாட்டேன்." டீ ஆறிக்கொண்டிருந்தது. "டீச்சர் ஒரு வார்த்தை சொன்னாங்கன்னா அதை எடுத்துக்கிட்டு எறங்கிருவேன். சொல்லலைன்னாலும் எறங்கித்தானுங்களே ஆகணும்."

காகிதத்தில் சுற்றிய ஒரு உருண்டையை என் கையில் வைத்தார். தங்கை வீட்டுக்காரர் கொச்சித் துறைமுகத்தில் வேலை செய்கிறாராம். அவரிடம் சொல்லி, எழுதி, மறுபடி சொல்லி வரவழைத்தது. நைலானை மயிரிழையாகப் பிரித்துப் பின்னிய நரம்பு, பார்வைக்குத் தையல்நூல்தான்.

"மெல்லிசு, ஆழம் போகும், நிக்கும்னு சொன்னாங்க. நீங்களே குடுத்துருங்க சார். இதும் அறுந்து போச்சுன்னா எங்கிட்டச் சொல்ல வேண்டாம்."

டீச்சர் தையல் அறையில் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ராசிபுரம், நாளைக் காலை, கொச்சி. உருண்டையைப் பிரித்து ஒரு முழம் உருவினார். இடது முஷ்டியில் சுற்றினார். வலது முஷ்டியில் சுற்றினார். கண்ணை மூடினார். அறுகிற சத்தத்துக்காக நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

சத்தம் வரவில்லை. இழுக்காமலே கண்ணைத் திறந்து, இரண்டு முஷ்டியிலிருந்தும் சுற்றைக் கழற்றி, நுனியை ரீலில் முடிந்து சுற்ற ஆரம்பித்தார்.

"அறுத்துப் பாக்கலீங்களா டீச்சர்?"

"புதுசுதானுங்களே சார்," என்றார்.

அவர் நிமிரவே இல்லை. பச்சை நூலை எடுத்து அடையாளம் சுற்ற உட்கார்ந்தவர், "காலையில நீங்க துடுப்புப் போட வேண்டாம். அவரைப் போடச் சொல்லுங்க" என்றார்.

கடைசி பஸ் இரவு ஏற்காட்டிலேயே நின்றுவிடும். கண்டக்டர் அதில்தான் படுப்பார். விடிந்தும் விடியாமலும் காக்கிச் சட்டையோடு துறைக்கு வந்தார். துடுப்பைத் தலைகீழாகப் பிடித்தார், காவல்காரர் திருப்பிக் கொடுத்தார். படகு பனிக்குள் போயிற்று. நான் கரையில் நின்றேன். என் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. காதுக்கு எல்லாம் வந்தது. பனியில் தண்ணீர் அப்படித்தான், பக்கத்து அறையில் பேசுவதுபோல.

"நேரா போகுதுங்களா டீச்சர்?"

"சுத்தி வருது. பரவால்ல. மெதுவா. கொண்டை ஊசி வளைவுல பஸ்ஸு போற மாதிரி."

"அதுக்கு டிரைவர் வேணுமுங்களே. நான் விசில் அடிக்கறவன்."

துடுப்பின் சளப் சளப். பிறகு டீச்சர் குரல்: "பச்சை போயிருச்சு." வெகுநேரம் கழித்து, இன்னும் தள்ளி, "நீலம்." ஏரி தூங்குகிறவனைப்போல மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. "சிவப்பு" என்று கேட்டதா, நானாக நினைத்துக்கொண்டேனா என்று தெரியவில்லை. பிறகு ரீல் கத்தியது.

கிர்ரென்று எடுத்த சத்தம் நிற்கவே இல்லை. அடியில் என்னவோ ஒன்று தன் வழியே நடந்து போகிறது, அவசரமில்லாமல், ஆனால் திரும்பாமல்.

"டீச்சர், பிடிச்சுக்குங்க. விழுந்துராதீங்க டீச்சர்."

"பேசாம இருங்க."

சத்தம் நின்றது. தண்ணீருக்கடியில் நரம்பு அறுவது கேட்பதில்லை, அதற்குப் பின்னால் வருகிற அமைதிதான் கேட்கும். நான் அந்த அமைதியைக் கேட்டேன். போயிற்று, எல்லாம் போயிற்று, புதுசுதானே என்று டீச்சர் நம்பி ஏறிய ஒரே கயிறும் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது. டீச்சர் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை. அதனால் அது அவர்தான் என்று புரிய நேரமாயிற்று.

படகு கரைக்கு வந்தது. கண்டக்டரின் முகத்தில் ரத்தம் இல்லை. டீச்சர் மடியில் ரீல். அறுந்த நுனியைக் கீழுதட்டில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்குங்க டீச்சர். நல்ல நரம்புன்னுதான் சொன்னாங்க," என்றார் கண்டக்டர்.

"நல்ல நரம்புதானுங்க. மீனு அவ்வளவு பெருசுன்னு நமக்குத்தான் தெரியல."

கரையில் இறங்கி நின்றபோதுதான் பார்த்தேன், கண்டக்டரின் காக்கிச் சட்டையில் மேல்பொத்தான் கழன்று ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. டீச்சரும் அதைப் பார்த்துவிட்டார். அவர் கை நீண்டது. இரண்டு விரலால் பொத்தானைப் பிடித்தார். அந்த இழுப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தேன்.

இழுக்கவில்லை. மெல்லக் காஜாத் துளைக்குள் நுழைத்து மாட்டிவிட்டார்.

"தொங்குதுங்க. பாத்துப் போங்க. அடுத்த தடவை வர்றப்போ தச்சுக்கலாம்."

"நான் இனி இந்த ரூட்டுல வரமாட்டனுங்களே டீச்சர்."

"கண்டக்டரா வர முடியாட்டி என்னங்க? டிக்கெட் எடுத்துட்டு வாங்க."

கடைவீதிப் பக்கமிருந்து டிரைவர் ஹாரன் அடித்தார், மறுபடியும் அடித்தார். கண்டக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், மேட்டில் ஏறி ஓடினார். விசில் கழுத்தில் ஆட, பை தொடையில் அடிக்க, வலது கையை நெஞ்சில் வைத்து அந்தப் பொத்தானைப் பொத்திப் பிடித்துக்கொண்டே ஓடினார்.